புளியங்கொட்டைக் கணக்கு

முப்பத்தெட்டு லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு நான் பூஜ்ஜியம் போட்டேன். போட்டபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால், என் தலையில் நானே நங்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் என்று வருகிறது.

என் வேலை அப்படி. அரசுப் பணத்தில் கட்டியதும் வாங்கியதும் போட்ட காசுக்கு வேலை செய்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் இந்த ஒப்பந்தத்தை எடுத்திருக்கிறது. அதில் செஞ்சிப் பக்கம் என் பொறுப்பு. கையில் ஒரு டேப்லெட். இடத்துக்குப் போய் நின்று, எத்தனை பேர் வந்து பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணித் தட்டினால், ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு அரசுக்கு எவ்வளவு செலவு என்று அதுவே வகுத்துச் சொல்லிவிடும். 'எல்லாம் நம்ம வரிப்பணம்' என்று டீக்கடையில் புலம்பாதவர் கிடையாது. புலம்பாமல் போய் அளக்கிறவள் நான் ஒருத்திதான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டடம், மேல்மலையனூருக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ் புறப்படும் மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. பெண்களுக்கு எட்டு கழிப்பறை, நாலு குளியலறை, குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை. சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போனேன். மூன்று நாளும் தரை காய்ந்து பளபளவென்று கிடந்தது. சோப்பு உறை பிரிக்காமல் இருந்தது. பார்த்துக்கொள்ளும் மீனம்பாள் அக்கா நீலப் புடவைக்கு மேல் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்றாள். சல்யூட் அடிக்காததுதான் பாக்கி. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நின்றேன். ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

முப்பத்தெட்டு லட்சத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னதும் டேப்லெட்டே 'கணக்கிட இயலாது' என்று கையை விரித்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. 'யாருக்கும் வேண்டாத கட்டடம். மூடிவிட்டுக் கிடங்காக மாற்றலாம்' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் குழுத்தலைவர் விக்ரமன் சார் ஒரு வரி மாற்றாமல் ஒப்புக்கொண்டார். புதன்கிழமை மாலை நாலு மணிக்குச் செஞ்சியிலேயே அதிகாரிகள் கூட்டம். அதில் மூடுவது என்று முடிவாகும், மீனம்பாள் அக்காவுக்கு வேலை போகும். தெரிந்துதான் எழுதினேன். பொதுப்பணம் என்றால் மனசைக் கல்லாக்கிக்கொள்ளத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை கார்த்திகை அமாவாசை. காலை ஏழு மணிக்குக் கடைத்தெருவில் எங்கள் மண்டியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் நைனா சம்பந்தம், கடலை, புளி, மிளகாய் எல்லாம் வாங்கி விற்கிறவர். வல்லத்திலிருந்து கவிதா அக்கா வேர்க்கடலை மூட்டையோடு வந்திறங்கினாள். வாரத்துக்கு ரெண்டு தடவை வருகிறவள். பேச்சுவாக்கில் அந்தக் கட்டடத்தை மூடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாது, மூடப் போறாங்களா? எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுத்தான்?"

"நான்தாங்க்கா. ஒருத்தருமே வர்றதில்ல. மூணு நாள் நின்னு பாத்தேன்."

கவிதா அக்கா தலைச்சும்மாட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். "நான் செஞ்சிக்கு வர்ற நாளெல்லாம் அங்கதான் போறேன். கீரைக்காரங்க, பூக்காரங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அத்தினி பேரும் அங்கதான். ஒரு மூணு நாளுதான் மீனம்பா எங்கள உள்ள வுடல. செக்கிங் வராங்க, தரை நனையக் கூடாது, அப்பறம் வாங்கன்னு வெரட்டிட்டுது. வயித்தப் புடிச்சிக்கினு கோட்டைப் பக்கம் முள்ளுக்காட்டுக்கு ஓடினோம்."

"செக்கிங்னு அதுக்கு யார் சொன்னது?"

கவிதா அக்கா கண்ணை மட்டும் நைனா பக்கம் திருப்பினாள். நைனா சுத்தமாக இருந்த தராசுத் தட்டை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் கடைத்தெருவில் ஒரு பழக்கம் உண்டு. தராசுக்கும் படிக்கும் முத்திரை பார்க்க ஆபீசர் வந்தால், முதல் கடைக்காரர் அடுத்த கடைக்குச் சொல்வார், அவர் அதற்கடுத்த கடைக்கு. ஆபீசர் நாலு கடை தாண்டுவதற்குள் சேதி தெருக்கோடிக்குப் போய்விடும். இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. சொல்லாமல் விட்டால்தான் அடுத்த நாள் சண்டைக்கு வருவார்கள்.

"நைனா!"

"இன்னாத்துக்கு இப்பக் கத்தற? மீனம்பா இருவது வருசமா நம்ம கடைக்கு வர்றவ. செக்கிங்னா ஒரு வார்த்த சொல்றதுதான மொற? நீ வூட்ல சொன்ன மூணு தடவையும், நாளைக்கு எம் பொண்ணுதான் வராள், நல்லாத் தொடச்சு வையின்னேன். அதுக்கும் நல்ல பேரு, உனக்கும் நல்ல பேருன்னு நெனச்சேன்."

ஒருத்தி வேலையைப் பறித்து, ஊர்ப் பெண்களை மறுபடி முள்ளுக்காட்டுக்கு விரட்டி எழுதிவிட்டேன். மணி ஏழேகால். கூட்டம் நாலு மணிக்கு.

விக்ரமன் சாருக்குப் போன் போட்டேன். பத்து மணிக்கு மேல்தான் சென்னையிலிருந்து கிளம்ப இருந்தார்.

"கடலை விக்கிற அம்மா சொன்னாங்கன்னு அறிக்கைய மாத்தச் சொல்றீங்களா, காயத்ரி?"

"உண்மை சார். இன்னிக்கு எண்ணிக் காட்டறேன்."

"நீங்க ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்தவங்க. உங்க வாய்க்கணக்கு எனக்கு வேணாம். நான் திரும்ப எண்ணிப் பாக்கற மாதிரி ஏதாவது கொண்டாங்க. முந்நூறத் தாண்டினா, மூடற பேச்ச எடுக்கச் சொல்லி மறு அளவீடு கேக்கறேன். மூணு மணிக்கு நானே வந்து கண்ணாலயும் பாத்துக்கறேன்."

திரும்ப எண்ணிப் பார்க்கிற மாதிரி என்றால் எப்படி? பெண்கள் குளிக்கிற இடத்தில் கேமராவைத் தூக்கினால் என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். கையெழுத்து வாங்கலாம் என்றால் அவசரத்தில் ஓடிவருகிறவளிடம் பேனாவை நீட்ட முடியுமா? நான் முழிப்பதைப் பார்த்து நைனாதான் தொண்டையைக் கனைத்தார்.

"மூட்ட எறக்கறப்ப இன்னா பண்றோம்? மூட்டைக்கு ஒரு வில்லை குடுக்கறோம். டின்னுல போட்டுட்டுப் போறான். சாயங்காலம் டின்னக் கவுத்து எண்றோம். அதையே பண்ணு. வாசல்ல ஆளுக்கு ஒரு கடலை குடு, உள்ள போறவங்க டின்னுல போடட்டும்."

கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செய்த வேலைக்குக் கோபமும் இருந்ததால் பிடிக்கவில்லை. கடலைப் பையையும் எண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு நானும் கவிதா அக்காவும் ஓடினோம்.

மைதானத்தில் அதற்குள் ஏழெட்டு பஸ் நின்றது. தூறல், சேறு, எலுமிச்சைமாலைக் கடைகள், சிவப்புப் புடவைக் கூட்டம். மீனம்பாள் அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"வா கண்ணு. நூத்துக்கு நூறு போட்டியா? மூணு நாளும் ஒரு எறும்ப உள்ள வுடலயே நானு!"

"அக்கா, பூஜ்ஜியம் போட்டேன். யாருமே வர்றதில்லன்னு எழுதிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் மூடப் போறாங்க."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அழுக்கா இருந்திருந்தா மார்க்கு போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன்க்கா."

"இன்னா படிப்புடி படிச்ச நீ?"

அழுகை வந்தது. அழ நேரமும் இல்லை. "இன்னிக்கு ஒருத்தரையும் வெரட்டாதே, எல்லாரையும் உள்ள விடு, அது போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உதறிக்கொண்டாள். ஆனால் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

எட்டு மணிக்கு எண்ணிக்கையைத் தொடங்கினோம். கவிதா அக்கா வாசலில் ஆளுக்கு ஒரு கடலை கொடுத்தாள். கூட்டம் நெருக்கியடித்தது. இவ்வளவு பேர்! இவ்வளவு பேரையா நான் இல்லை என்று எழுதினேன்? ஒன்பது மணிக்குப் பெருமையோடு டின்னைக் கவிழ்த்தேன். பதினோரு கடலை விழுந்தது.

சுற்றிலும் பார்த்தேன். மைதானம் பூராவும் கடலைத் தோல்.

"கைல கடலையக் குடுத்தா துன்னாம இன்னா பண்ணுவாங்க?" என்றாள் மீனம்பாள் அக்கா. கையை உதறிக்கொண்ட பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஒரு மணி நேரக் கணக்கு ஊர் வயிற்றுக்குள் போய்விட்டது. மண்டிக்கு ஓடினேன். போன வருஷப் புளி உடைத்த கொட்டை ஒரு சாக்கு கிடந்தது. "இதைத் துன்றவ யாருன்னு பாத்துடறேன்" என்று அள்ளிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு பாருங்கள், டொக் டொக்கென்று டின்னில் கொட்டை விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. எதுக்கு, ஏன் என்று கேட்டவர்களுக்குக் கவிதா அக்காவே பதில் வைத்திருந்தாள். "போடலன்னா இதை மூடிடுவாங்க. போட்டுட்டுப் போ!" கேட்டவர்கள் திரும்பி அடுத்தவளிடம் சொன்னார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி பால் கொடுத்துவிட்டு வந்து, "புள்ளைக்கு ஒண்ணு குடு, அதுவும் ஒரு ஆளுதான்" என்று அடம்பிடித்தாள். விதியில் இடமில்லை என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். பதினோரு மணிக்கு எண்ணினால் நூற்று முப்பத்தாறு. பன்னிரண்டரைக்கு இருநூற்றுப் பத்து.

மீனம்பாள் அக்காவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சேற்றுக் கால் தரையில் படப்பட அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து பேர் போனால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆறாவது ஆளை மறிப்பாள். நான் துடைப்பத்தைப் பிடுங்குவேன். "கண்ணால பாக்க முடியலடி" என்பாள். "பாக்காதே, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்பேன். வந்தவர்களுக்கு நாங்கள் நல்ல வேடிக்கை.

ஒன்றரைக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்று, கால் மணியில் தொட்டி காலி. வரிசை கலைய ஆரம்பித்தது. இருநூற்று எழுபத்தொன்றில் என் கணக்கு தொண்டையில் சிக்கியது போல நின்றது. இன்னும் முப்பது பேர் வேண்டும், ஒரு வாளித் தண்ணீர் இல்லை. நைனாவுக்குப் போன் போட்டு எரிந்து விழுந்தேன். எல்லாம் உன்னால்தான் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டார்.

இருபது நிமிஷத்தில் எங்கள் மண்டி டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பின்னால் நாலு பெரிய டிரம் நிறையத் தண்ணீர். நைனாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டி வந்திருந்தார். அமாவாசை நாள் வியாபாரத்தில் கடைக்குக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சாத்திவிட்டு வந்திருந்தார். "மொறைக்காத, டிரம்மப் புடி" என்றார். அப்போதுதான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போயிற்று.

வரிசை மறுபடி பிடித்தது. இரண்டரைக்கு முந்நூற்றைத் தாண்டினோம். நான் குதித்தே விட்டேன். கவிதா அக்கா குலவை போட, கும்பலில் நாலு பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து குலவை போட்டார்கள்.

இரண்டே முக்காலுக்கு விக்ரமன் சார் கூப்பிட்டார். "திண்டிவனம் ரோட்டுல வந்துட்டேன். ஒரே பஸ் நெரிசல். பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்." நான் சந்தோஷத்தில் அதைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் காதில் விழுந்தது. அவர் பழக்கூடைக்காரம்மாவிடம் சொல்ல, அந்தம்மா பூக்கடையில் சொல்ல, ஆபீசர் வருகிற சேதி கடைக்குக் கடை தாவிக்கொண்டு போயிற்று. நைனாவாவது ஒரு ஆளுக்குத்தான் சொன்னார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் படாரென்று ஒரு சத்தம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள். சரட் சரட்டென்று துடைப்பம் ஓடுகிறது. வெளியே ஐம்பது பெண்கள் கத்துகிறார்கள்.

"அக்கா! கதவத் தெற!"

"பத்து நிமிசம் இரு கண்ணு. முச்சூடும் சேறு. ஆபீசர் கண்ணுக்கு இதையா காட்டச் சொல்ற? என் மானம் போய்டும்."

"அவர் வந்து பூட்டின கதவப் பாத்தா எல்லாம் போய்டும்க்கா!"

"முடியாது. இத்தினி வருசத்துல ஒருத்தர் என்னை அழுக்குன்னு சொன்னதில்ல."

கதவை ஓங்கி ஓங்கி அடித்தேன். கை சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் தீர்ந்து அழுகையே வந்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு நீ காட்டின தரையப் பாத்துத்தான் நான் முட்டாளானேன். உன் தரை சுத்தம்னு எனக்குத் தெரியும். அது எதுக்கு இருக்குதுன்னுதான் தெரியாமப் போச்சு. இன்னிக்கு அந்தச் சேத்தக் காட்டுக்கா. உன் கால்ல வுழறேன்."

உள்ளே துடைப்பம் நின்றது. கதவு திறக்கவில்லை. கவிதா அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏ மீனம்பா, நான் காலையிலேருந்து நின்னுக்கினு இருக்கறேன், இன்னும் ஒரு தடவகூடப் போவல. இப்ப நீ தெறக்கல, ஆபீசர் வர்ற வழில, உன் வாசப்படியிலயே குந்திடுவேன். அப்பறம் உன் சுத்தம் இன்னா ஆவுதுன்னு பாரு!"

தாழ்ப்பாள் தடாலென்று விழுந்தது. மீனம்பாள் அக்கா கையில் துடைப்பத்தோடு, கண் கலங்கி நின்றாள். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கவிதா அக்கா மட்டும் அந்த அவசரத்திலும் ஒரு கொட்டையை டின்னில் போட்டுவிட்டுத்தான் ஓடினாள்.

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். விக்ரமன் சார். முழங்கால் வரை சேறு. எப்போது வந்தாரோ தெரியாது. உள்ளே எட்டிப் பார்க்க ஓர் அடி எடுத்து வைத்தார். "இன்னா சார், லேடீஸ் எடத்துல உனக்கு இன்னா வேல?" என்று ஒரு சிவப்புப் புடவைக்காரம்மா நெஞ்சில் கை வைத்து அவரைத் தள்ளிவிட்டாள். அவர் தடுமாறிப் போய் டெம்போவைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் வரிசை மைதானத்தின் பாதி வரை போயிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வந்த அன்னிக்கு இவங்கள்லாம் எங்க இருந்தாங்க?"

"முள்ளுக்காட்டுல சார். செக்கிங்னு எங்க நைனா முன்னாடியே சொல்லிட்டார். நாங்கதான் அனுப்பினோம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டெம்போவின் பின்பலகையில் டின்னைக் கவிழ்த்து, நைனா ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டே மண்டியில் எண்ணுகிற மாதிரி ஒன்றுக்குப் பதிலாக லாபம் போட்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினார். அவர் தள்ளிய ஒவ்வொரு ஐந்தையும் விக்ரமன் சார் விரலால் பிரித்துச் சரிபார்த்து அந்தப் பக்கம் ஒதுக்கினார். சேறு பட்ட பேன்ட்டோடு புளியங்கொட்டை எண்ணுகிற அதிகாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். முந்நூற்று நாற்பத்திரண்டு. கடலையாகப் போனது கணக்கில் சேராது.

அவர் கூட்டத்துக்குப் போனார். ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. மூடுகிற பேச்சை எடுத்துவிட்டார்கள். மூன்று மாசத்துக்கு மறு அளவீடு, அமாவாசையும் சாதா நாளும் சேர்த்து. "அளக்க வர்றது வெளியூர் ஆளு. நீங்க இல்ல. எப்ப வருவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, உங்க அப்பாவுக்கும் தெரியாது. உங்க தப்பையும் அறிக்கையில எழுதியிருக்கேன், காயத்ரி." எழுதட்டும். தலைக்கனம் எல்லாம் இறங்கி, உடம்பே லேசாக இருந்தது.

மீனம்பாள் அக்காவிடம் ஓடிச் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "சுத்தத்துக்கு இன்னா போட்ட?"

பொய் எழுத இனி எனக்குத் தெம்பில்லை. "பத்துக்கு மூணு."

"மூணா?" கோபத்தில் அவள் மூக்கு விடைத்தது. "போடி. நாளைக்கு வந்து பாரு."

"நாளைக்கு நான் வரக் கூடாதாம்க்கா. யார் வருவாங்கன்னே தெரியாது."

"அப்ப தெனமும்தான் தொடைக்கணும்" என்றாள், என்னவோ இத்தனை நாள் துடைக்காதவள் மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலை ஏழு மணி டீயிலிருந்து நானும் ஒரு தடவை கூடப் போகவில்லை. அது மட்டுமில்லை, மூன்று நாள் வந்து நின்று அளந்தபோதும் ஒருமுறை கூட உள்ளே போய் இதைப் பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கதவைப் பார்த்து நடந்தேன். மீனம்பாள் அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"வரிசையில வா."

வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர். கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தபோது அவள் சாக்கிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். டின்னில் போட்டேன்.

"ம், போ" என்றாள். "தரை ஈரம். பாத்துக் கால் வை."